ரியூப் ஹீற்றர் எந்தக் காற்றை எரிக்கிறது?

வாசகர் கேள்வி:

ஸ்காபரோவில் வாகனம் தூக்கும் ஹோய்ஸ்ட் மூன்று வைத்து வாகனம் திருத்தும் கராஜ் ஒன்று நடத்துகிறேன். 40 அடிக்கு 50 அடி, கூரை 16 அடி உயரம். முன்பு இருந்தவர் பூட்டிய, மணிக்கு 125,000 பி.ரி.யூ. (வெப்ப அலகு) எரிக்கும் காஸ் ரியூப் ஹீற்றர் கூரையோடு தொங்குகிறது, நீண்ட குழாய்க்குள் தீ எரியும் வகை. புகைக்குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது. எரிவதற்கான காற்றை உள்ளே இருந்துதான் எடுக்கிறது. நாலு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. போன வருடம் கட்டட உரிமையாளர் பெரிய கதவுகளை மாற்றி, பழைய யன்னல்களை அடைத்து, இன்சுலேஷனும் போட்டுத் தந்தார். நானும் பாகங்கள் கழுவும் மூலையில் நிமிடத்துக்கு 2,000 கன அடி இழுக்கும் எக்ஸோஸ்ற் ஃபான் ஒன்று பூட்டினேன். இந்தக் குளிருக்கு ஹீற்றர் அடிக்கடி நின்றுவிடுகிறது. பேர்னர் பெட்டிக்குள் துரு. சுவரில் 4 அங்குல ஓட்டை போட்டு டிரையர் ஹோஸை இழுத்துக் கொடுத்தால் சரி என்கிறார் மச்சான். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே போதாதா, அண்ணை? பின்னேரமானால் இரண்டு பொடியங்கள் தலையிடிக்குது என்றும் சொல்கிறார்கள்.

பதில்:

தம்பி, நீங்கள் கடைசி வரியில் எழுதியதில் இருந்து தொடங்குகிறேன். அந்தத் தலையிடிக்குக் காரணம் தெரியும்வரை ஹீற்றரைப் போட வேண்டாம். தேமோஸ்ராற்றைக் குறைத்து வைப்பது போதாது. ஹீற்றருக்கு வரும் காஸ் வால்வை மூடிவிடுங்கள். சின்ன மின்சார ஹீற்றர் 1,500 வாற், அதாவது ஏறக்குறைய 5,000 பி.ரி.யூ. தான். உங்கள் இடத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது. பொடியங்கள் இரண்டு நாள் தடித்த ஜாக்கெற்றோடு வேலை செய்யட்டும்.

என் சந்தேகம், காஸ் அரைகுறையாக எரிந்தால் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் வருவது தலையிடி, களைப்பு, வயிற்றைப் பிரட்டுவது. வீட்டுக்குப் போனதும் மெல்ல மெல்லக் குறையும். அதனால் நித்திரை காணாது, பெயின்ற் மணம், சாப்பிடவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: லீவு நாளிலும் தலையிடிக்கிறதா? இல்லை என்றால் கராஜில்தான் ஏதோ இருக்கிறது. யாராவது மயங்கினால், வாந்தி எடுத்தால், ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம். எல்லோரும் வெளியே போய் 911ஐக் கூப்பிடுங்கள்.

சுவரில் அலாரம் இருக்கிறது, அது ஒரு நாளும் கத்தவில்லை என்று சொல்வீர்களோ தெரியாது. வீட்டுக்கு விற்கும் அலாரம், காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு காபன் மொனொக்சைட் இருந்தால் ஒரு மணி நேரத்தில் இருந்து நாலு மணி நேரம் வரை பொறுத்துத்தான் கத்தும். 30 பங்கு என்றால் கத்தவே கூடாது என்றுதான் அதன் தரவிதியே இருக்கிறது, வீண் அழைப்புகளைத் தவிர்ப்பதற்காக. ஆனால் ஒன்ராறியோவில் வேலையிடத்துக்கான எட்டு மணி நேர சராசரி எல்லை 25 பங்கு. அலாரம் அமைதியாக இருக்க, பொடியங்கள் நாள் முழுக்க எல்லைக்கு மேலே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கலாம். குறைந்த அளவையும் எண்ணில் காட்டும் மீற்றர் ஒன்று வாங்கி, ஆட்கள் நிற்கும் உயரத்தில் வையுங்கள்.

2008 டிசம்பரில் இந்த மாகாணத்தின் உட்ஸ்டொக் நகரில் ஒரு வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நாலு பேரும் இறந்துபோனார்கள். காஸ் ஃபயர்பிளேஸின் புகைபோக்கி அடைபட்டிருந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு வந்த ஹாக்கின்ஸ் ஜின்யாக் சட்டத்தால்தான் ஒன்ராறியோ வீடுகளில் அலாரம் கட்டாயமானது. அது குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். கராஜில் அந்தப் பொறுப்பு முதலாளி தலையில்.

இன்னொன்று. ஹீற்றர்தான் குற்றவாளி என்று நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இஞ்சின்கள் ஓடுகின்றன. குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பழைய வானை ஐந்து நிமிடம் ஓடவிட்டாலே மீற்றர் துள்ளும். ஆகவே டெக்னீஷியன் வந்ததும் காலையில், ஒரு வாகனமும் ஓட முன்னர் அளக்கச் சொல்லுங்கள். முதலில் ஹீற்றர் மட்டும், ஃபான் நிற்க. பிறகு கதவெல்லாம் சாத்தி, ஃபானையும் போட்டு ஒரு அளவு. கடைசியில் வாகனங்களோடு ஒன்று. இரண்டாவது அளவில் எண் ஏறினால் கதை விளங்கிவிடும். நான் ஏன் அந்த ஃபானைச் சந்தேகிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய 1,000 பி.ரி.யூ. வெப்பம் இருக்கிறது. அப்படியானால் உங்கள் ஹீற்றர் மணிக்கு 125 கன அடி காஸ் எரிக்கிறது. ஒரு கன அடி காஸ் முழுதாக எரிய 10 கன அடி அளவில் காற்று வேண்டும். பேர்னர்கள் அதற்கு மேலும் கொஞ்சம் எடுக்கும். எல்லாம் சேர்த்து மணிக்கு 1,800 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 30 கன அடி, அவ்வளவுதான். உங்கள் கட்டடத்தில் இருக்கும் காற்று 32,000 கன அடி. அமெரிக்க எரிவாயு விதிகளில் அறைக் காற்றையே பாவிக்கும் கருவிகளுக்கு ஆயிரம் பி.ரி.யூ.வுக்கு 50 கன அடி இடம் வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி 6,250 கன அடி போதும். உங்களிடம் ஐந்து மடங்கு இருக்கிறது. காகிதத்தில் பாஸ். நாலு வருடம் தொல்லை இல்லாமல் போனதும் இதனால்தான்.

ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. போகிற காற்றுக்குப் பதில் காற்று எங்காவது கசிந்து வர வேண்டும். உங்கள் பழைய கதவிடுக்குகளும் யன்னல் ஓட்டைகளும்தான் இவ்வளவு காலமும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்தன. உரிமையாளர் நல்ல எண்ணத்தில் அவற்றை அடைத்தார். நீங்கள் நல்ல எண்ணத்தில் ஃபானைப் போட்டீர்கள். அந்த ஃபான் உங்கள் கராஜின் முழுக் காற்றையும் 16 நிமிடத்தில் வெளியே தள்ளக் கூடியது. ஹீற்றர் கேட்பது 30, ஃபான் இழுப்பது 2,000. இறுக்கி மூடிய கட்டடத்தில் இரண்டும் போட்டிக்கு நின்றால் ஹீற்றர் வெல்லாது.

ஃபான் இழுக்க இழுக்க உள்ளே அமுக்கம் குறையும். காற்று எந்த வழியாலாவது உள்ளே வரப் பார்க்கும், ஹீற்றரின் புகைக்குழாய் உட்பட. பேர்னருக்குக் காற்று போதாமல் போனதும் உள்ளே இருக்கும் பிறெஷர் சுவிச் அதைக் கண்டு காஸை நிறுத்துகிறது. உங்கள் ஹீற்றர் அடிக்கடி நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். நிற்பது கோளாறு இல்லை தம்பி, அது தன் வேலையைச் செய்கிறது. அந்த சுவிச்சை யாராவது வயர் வைத்துத் தாண்டிவிட்டால் ஹீற்றர் நிற்காமல் எரியும், அரைகுறையாக. மச்சான் அதில் கை வைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள், நான் ஏசமாட்டேன்.

உங்கள் ஹீற்றரின் காற்றாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். சிலவற்றில் அது பேர்னரோடு சேர்ந்திருந்து தீயையும் புகையையும் குழாய் வழியே தள்ளும். சிலவற்றில் குழாயின் கடைசியில் நின்று இழுக்கும். இழுக்கும் வகையில் மூட்டுகளில் ஓட்டை இருந்தால் அறைக்காற்று உள்ளே போகும். தள்ளும் வகையில் புகை அறைக்குள் வரும். துருப்பிடித்த குழாய், தளர்ந்த கிளாம்ப், இவை தள்ளும் வகையில் உடனே பார்க்க வேண்டியவை.

துரு பற்றி: உங்கள் கடிதத்தில் எனக்கு ஆர்வமூட்டிய இடம் இதுதான். ரொறன்ரோ பக்கம் நான் திறந்து பார்த்த கராஜ் ஹீற்றர்களில் பேர்னர் பெட்டி துருப்பிடித்திருந்தால், கீழே எங்கேயோ பிரேக் கிளீனர் ரின்கள் அடுக்கியிருக்கும். ரின்னைத் திருப்பி வாசியுங்கள். குளோரின் கலந்த வகையில் பெரும்பாலும் பெர்குளோரோஎத்திலீன் இருக்கும். கிரீஸை நன்றாகக் கழுவும், தீப்பற்றாது, அதனால் மெக்கானிக்மாருக்குப் பிரியம். ஆனால் அதன் ஆவி பேர்னருக்குள் போய்த் தீயில் உடையும்போது ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டாகிறது. கொஞ்சமாக பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் வரலாம். காஸ் எரிந்தால் தண்ணீரும் வரும், 100,000 பி.ரி.யூ.வுக்கு நாலு லீற்றருக்கும் மேல். ஹீற்றர் சூடேறும் முதல் நிமிடங்களில் அந்த ஈரம் குழாய்ச் சுவரில் படியும். அமிலமும் ஈரமும் சேர்ந்தால் உருக்கு எத்தனை காலம் தாங்கும்? ஏ.சி. வாயுக்களும் இப்படித்தான். அவற்றில் புளோரின் இருப்பதால் தீயில் ஐதரசன் புளோரைட் உண்டாகும்.

சரி, குளோரின் இல்லாத கிளீனருக்கு மாறினால்? மாறுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு மாறுங்கள். அந்த ரின்களில் அசற்றோன், ஹெப்ரேன் போன்றவை இருக்கும். அவை அமிலம் தராது, ஆனால் நன்றாகத் தீப்பற்றும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதவைத் திறந்து வைத்தால் காற்று வரும், உண்மைதான். மைனஸ் 15இல் மூன்று மணிக்கு யாராவது ஒருவர் அதைச் சாத்துவார், அதுவும் உண்மை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்படியே திறந்து கிடந்தாலும் பேர்னர் எடுக்கப்போவது அதே பிரேக் கிளீனர் கலந்த காற்றைத்தான். உங்கள் இடத்தில் தீ குடிக்கும் காற்றும் ஆட்கள் குடிக்கும் காற்றும் வேறுவேறாகப் பிரிய வேண்டும். அதற்கு வெளிக்காற்றைக் குழாய் வழியே நேரே பேர்னர் பெட்டிக்குள் கொண்டுபோவதுதான் வழி. ஆக, மச்சான் சொல்வது பாதி சரி.

மற்றப் பாதி அந்த டிரையர் ஹோஸ். சில வருடங்களுக்கு முன் ஜனவரியில் ஒரு வேலையிடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஹீற்றர் காலையில் எரியவே மாட்டேன் என்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்ரிக் டிரையர் ஹோஸ் 15 அடிக்குத் தொட்டில்போலத் தொய்ந்து கிடக்கிறது. தொய்வில் தண்ணீர் தேங்கி, வெளிச்சுவர்ப் பக்கம் ஐஸ் ஆகிவிட்டது. ஹோஸுக்குள் இருக்கும் நெளிவுகளே காற்றைத் தடுக்கும். ஐஸும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

செய்ய வேண்டியது மெல்லிய கல்வனைஸ் தகரக் குழாய், உங்கள் அளவு ஹீற்றருக்குப் பெரும்பாலும் 4 அங்குலம். எவ்வளவு நீளம், எத்தனை முழங்கை (வளைவு) போடலாம் என்பதை அந்த மாடலின் கையேடுதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு முழங்கையும் சில அடி நேர்க்குழாய்க்குச் சமமாகக் கணக்காகும். அந்த எல்லையைத் தாண்டினால் வெளிக்காற்றுக் குழாய் போட்டும் பேர்னர் மூச்சுத் திணறும். பெட்டியில் வெளிக்காற்றுக்கென்று ஒரு வாய் இருக்கும், அல்லது தயாரிப்பாளர் அதற்கொரு இணைப்பு விற்பார். நீங்களாகப் பெட்டியில் ஓட்டை போடக்கூடாது. அறைக்காற்று போகும் பழைய துவாரத்தை அடைப்பதும் அந்த இணைப்பின் பகுதிதான். அதை மறந்தால் குழாய் அலங்காரத்துக்குத் தொங்கும்.

பலர் மறக்கும் ஒரு விஷயம்: ரியூப் ஹீற்றர் அசையும். 40 அடி உருக்குக் குழாய் சூடேறும்போது ஒன்றிரண்டு அங்குலம் நீளும், ஆறும்போது சுருங்கும். சங்கிலியில் தொங்கவிட்டிருப்பதே அதற்காகத்தான். காற்றுக் குழாயை விறைப்பாகப் பூட்டினால் ஒரு குளிர்காலத்துக்குள் எங்காவது கழன்றுவிடும். ஆகவே கடைசியில் பேர்னரோடு சேரும் இடத்தில் மட்டும், கையேடு அனுமதிக்கும் நெகிழ்குழாய் ஒரு சின்னத் துண்டு, கொஞ்சம் தளர்வாக. காஸ் இணைப்புக்கும் இதே நியாயம்தான். நேர் இரும்புக் குழாய் நேரே பேர்னரில் முடிந்திருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கள்.

காற்றுக் குழாயில் கட்டடத்துக்குள் இருக்கும் பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றுங்கள். பனியோடு வரும் வாகனங்களால் கராஜ் எப்போதும் ஈரம். மைனஸ் 20 காற்று ஓடும் வெறும் தகரத்தில் அந்த ஈரம் படிந்து சொட்டும், கஸ்ரமரின் வாகனத்துக்கு மேலேயே. வெளிமுனை பனி குவியும் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். மழை மறைப்பும் குருவி புகாத வலையும் வேண்டும், ஆனால் கொசுவலை அளவுக்கு நுண்ணியது வேண்டாம். பனித்தூள் ஒட்டி அடைந்துவிடும். உங்கள் ஹீற்றரின் புகைவாயில் இருந்தும், கழுவும் மூலையின் ஃபான் வெளியே தள்ளும் இடத்தில் இருந்தும், வாகனங்கள் இஞ்சினோடு நிற்கும் இடத்தில் இருந்தும் கையேடு சொல்லும் தூரம் விட வேண்டும். அந்தத் தூரத்தை விட்டுக்கொண்டே காற்று வாயும் புகைவாயும் ஒரே சுவரில் இருந்தால் நல்லது. காற்று அந்தச் சுவரில் அடித்தால் இரண்டிலும் ஒரே அளவு அமுக்கம், தீ தடுமாறாது. ஒன்று வடக்குச் சுவரிலும் மற்றது தெற்குச் சுவரிலும் இருந்தால் காற்றடிக்கும் இரவுகளில் விளையாட்டுக் காட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த 2,000 கன அடி ஃபான் அங்கேதான் இருக்கப்போகிறது. பேர்னர் தப்பிவிடும், ஆனால் தண்ணீர் சுடவைக்கும் காஸ் ராங்க் உள்ளே இருந்தால் அதன் புகை திரும்பும். செலவையும் பாருங்கள். வெளியே மைனஸ் 15, உள்ளே 15 பாகை என்றால், நிமிடத்துக்கு 2,000 கன அடி காற்றைச் சூடாக்க மணிக்கு ஏறக்குறைய 117,000 பி.ரி.யூ. வேண்டும். உங்கள் ஹீற்றர் எரிப்பதே 125,000. அதில் ஒரு பங்கு புகையோடு போய்விடும். ஃபான் ஓடும் நேரமெல்லாம் நீங்கள் ரோட்டுக்குத்தான் ஹீற்றர் போடுகிறீர்கள். கழுவும் தொட்டிக்கு நேர் மேலே ஒரு சின்ன ஹூட், அதற்கேற்ற சின்ன ஃபான், கழுவும்போது மட்டும் ஓடும் சுவிச். பெரிய ஃபான்தான் வேண்டும் என்றால் அதற்கு ஈடாகச் சூடாக்கிய காற்றை உள்ளே தள்ளும் மேக்-அப் எயார் யூனிற் வேண்டும். அதன் விலையைக் கேட்டால் சின்ன ஹூட் அழகாகத் தெரியும்.

வெளிக்காற்றுக் குழாய் போட்டுவிட்டோம், இனி உள்ளே எதையும் அடிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். குழாயின் உள்ளே இருக்கும் தீதான் பிரிந்தது. குழாயின் வெளித்தோல் பேர்னருக்குக் கிட்ட 400, 500 பாகை வரை சூடாக இருக்கும். பெட்ரோல் ஆவி 300 பாகைக்குக் கீழேயே தானாகப் பற்றக் கூடியது. ஸ்பிறே பெயின்ற் அடிக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஹீற்றர் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. ஹோய்ஸ்ற்றை முழு உயரத்துக்கு ஏற்றினால் வானின் கூரைக்கும் ஹீற்றருக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஹீற்றரில் எழுதியிருக்கும் தூரத்துக்குக் குறைந்தால் ஹோய்ஸ்ற்றுக்கு ஒரு தடை போட வேண்டும்.

வேலையை யார் செய்வது? சுவரில் ஓட்டை போடுவதும் இன்சுலேஷன் சுற்றுவதும் மச்சானால் முடியும். பேர்னர் பெட்டியையும் காஸையும் தொடுவது ஒன்ராறியோவில் லைசென்ஸ் உள்ளவர் மட்டும். உங்கள் அளவு ஹீற்றருக்கு ஜி2 வகை லைசென்ஸ் உள்ள டெக்னீஷியன் போதும், அவர் மாகாணத்தில் காஸ் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிந்த கொன்ராக்டரிடம் இருந்து வர வேண்டும். வந்து, பாவிக்கக் கூடாது என்ற சிவப்பு ரக் (எச்சரிக்கைத் துண்டு) கட்டிவிடுவார் என்று பயந்து கூப்பிடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். கட்டினால் கட்டட்டும், அந்தத் துண்டைக் காட்டினால்தான் உரிமையாளர் காசு தரப் பர்ஸைத் திறப்பார். கட்டடத்தை இறுக்கியது அவர். லீஸில் ஹீற்றர் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாய் போட்ட பிறகு டெக்னீஷியன் அனலைசரை வைத்துப் புகையில் ஒட்சிசனும் காபன் மொனொக்சைட்டும் எவ்வளவு என்று அளக்காமல் போனால் விடாதீர்கள். கதவெல்லாம் சாத்தி, ஃபான் எல்லாம் போட்டு, ஹீற்றர் நன்றாகச் சூடேறிய பிறகு அளந்த எண்தான் எண். அதைத் திகதியோடு எழுதி வாங்கி, பேர்னர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

ஹீற்றரின் பெயர்த்தகட்டைப் படமெடுத்து அனுப்புங்கள், புகைக்குழாய் சுவரில் எங்கே வெளியேறுகிறது என்றும் வெளியே நின்று ஒரு படம். மாடல் தெரிந்தால் குழாய் எத்தனை அடி, எத்தனை முழங்கை என்று சொல்கிறேன். அதுவரை அந்தக் காஸ் வால்வு மூடியே இருக்கட்டும்.